சவரக்கத்திக்கு முதல் கல்: தேர்ந்ததும் மட்டப்படுத்தியதும்

குப்பம் ஊரில் சலூன் வைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், தம் பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருந்த மடக்குச் சவரக்கத்தி ஒன்றைச் சென்ற தை மாதம் என்னிடம் கொடுத்தார். பாதி பிளேடைச் செருகும் கத்திக்கு அவர் மாறிய பிறகு அதை யாரும் தொடவில்லை. அலகின் அடியில் ‘சோலிங்கன்’ என்ற எழுத்துகள் தெளிவாக இருந்தன. அந்த ஜெர்மானிய நகரின் பெயரை வெளியூர்க் கத்திகளில் பொறிப்பதற்கு எதிராக 1938ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டதால், எஃகைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், மூன்று இடங்களில் மயிரிழை அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. தோல் வாரில் எத்தனை முறை இழுத்தாலும் அது சரியாகாது, கல்லில்தான் தீட்ட வேண்டும். “கத்தியப் பாக்காத நைனா, கல்லப் பாரு. கல்லு மட்டமா இருந்தா கத்தி சொன்ன பேச்சு கேக்கும்” என்றார் பெரியவர். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் விளங்க எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன.

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது சாய்வை நம் கைதான் காக்கிறது. சவரக்கத்தியில் அந்த வேலையைக் கத்தியின் முதுகே செய்கிறது: முதுகும் வாயும் ஒருசேரக் கல்லின்மேல் படிந்திருக்க, வாய் முன்னே செல்லும்படி தள்ள வேண்டும். என் கத்தியின் முதுகு 5 மி.மீ. தடிமன், முதுகிலிருந்து வாய் வரை 17 மி.மீ. கணக்கிட்டுப் பார்த்தால் வாயின் இரு சரிவுகளும் ஏறத்தாழ 17 பாகையில் கூடுகின்றன. அந்தக் கோணத்தைக் கத்தி செய்தவரே நிர்ணயித்துவிட்டார். நான் நிர்ணயிக்க எஞ்சியிருப்பது கல்லின் முகம் மட்டுமே. கல்லில் மேடு பள்ளம் இருந்தால், அது அப்படியே வாயில் பதிந்துவிடும்.

கல்லுக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு வெளியிலிருந்து கல் வாங்குவதா என்ற எண்ணம் முதலில் எனக்கும் இருந்தது. எங்கள் பக்கத்துக் கிரானைட்டில் அரிவாளைத் தீட்டுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் வெறும் கண்ணுக்கே தெரியும் பருமனில் கலந்திருக்கின்றன. அரிவாளுக்குப் போதுமான அந்தச் சொரசொரப்பு சவரக்கத்தியின் வாயை ரம்பமாக்கிவிடும். அடுத்து, வீட்டில் கிடந்த வழவழப்பான கடப்பைக் கல் துண்டில் ஒரு பழைய பேனாக்கத்தியைத் தேய்த்துப் பார்த்தேன். கல்லில் வெள்ளைக் கீறல்கள் விழுந்தனவே தவிர, கத்தியில் ஒன்றும் நடக்கவில்லை. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகை. அதில் மிகுந்திருக்கும் கால்சைட் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவில் 3தான், கடினப்படுத்திய எஃகை அது அறுக்காது. ஹார்டுவேர் கடையில் உளிக்காக விற்கும் இருமுகக் கார்போரண்டம் கல், எஃகை நன்றாகவே அறுக்கும். ஆயினும் நான் பார்த்த கல்லின் நயமான பக்கம்கூட இந்த வேலைக்குக் கரடாகவே இருந்தது.

ஆகவே தண்ணீர் விட்டுத் தீட்டும் நீர்க்கல் என்று முடிவானது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப் பகுதியில் கிடைக்கும் ‘கோட்டிக்யூல்’ என்ற மஞ்சள் கல்லைப் பற்றிப் படித்தபோது ஆசை வந்தது உண்மை. அதில் நுண்ணிய கார்னெட் மணிகள் பொதிந்திருக்கின்றன, அவையே எஃகை அறுக்கின்றன. ஆனால் இயற்கைக் கல் ஒன்றுக்கொன்று மாறுபடும். முதன்முறையாகத் தீட்டுபவனுக்குப் பிழை கையிலா கல்லிலா என்று தெரியாமல் போகும் என்பதால் அதை ஒதுக்கினேன். நார்ட்டன் 4000/8000 கல்லைப் பலர் பரிந்துரைக்கிறார்கள் (எண் கூடக் கூடக் கல் நயமாகும்); சரிவு ஏற்கெனவே ஒழுங்காக அமைந்த கத்திக்கு அது பொருந்தும். சில்லு பெயர்ந்த வாய்க்குச் சரிவைப் புதிதாக அமைக்க வேண்டும், அதற்கு 1000ஆம் எண் கல் தேவை. இறுதியில் ஜப்பானின் கிங் 1000/6000 இருமுகக் கல்லை வாங்கினேன். 6000 என்பது சவரத்துக்குக் கடைசிப் படி அல்ல என்று தெரிந்தே வாங்கினேன். எஞ்சியதைக் குரோமியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி பூசிய வாரில் முடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

புதுக் கல் மட்டமாகவே வரும் என்று நம்பக் கூடாது. ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தைக் கல்லின்மேல் நிறுத்திப் பின்புறம் டார்ச் அடித்தபோது, நடுவில் வெளிச்சம் கசிந்தது. வழக்கமான முறைப்படி கல்லின் முகம் முழுவதும் பென்சிலால் கட்டம் போட்டு, பெயிண்டர்கள் பயன்படுத்தும் 220 எண் வாட்டர் பேப்பரைத் தரைக்குப் போட்டது போக எஞ்சிய டைல் ஒன்றின்மேல் நனைத்துப் பரப்பித் தேய்த்தேன். இருபது தேய்ப்புக்கு ஒருமுறை கல்லைத் திருப்பிப் பிடித்தேன். இல்லாவிட்டால் கை அழுத்தம் ஒரே பக்கம் விழும். கால் மணி நேரத்தில் கோடுகள் ஒன்றுகூட மிஞ்சாமல் மறைந்தன. கல் மட்டமாகிவிட்டது என்று மகிழ்ந்து, கத்தியின் வாயோரத்தில் கறுப்பு மார்க்கரைத் தடவி, அழுத்தாமல் பத்து முறை தள்ளிப் பார்த்தேன். இரு முனைகளிலும் மை போயிருந்தது. நடுவில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மை அப்படியே இருந்தது.

என் கத்தி வளைந்திருக்கிறது என்று எண்ணி ஒரு வாரம் அதை எடுத்து வைத்துவிட்டேன். தவறு டைலில் இருந்தது. ஸ்கேலை டைலின்மேல் நிறுத்தியபோது, அது நடுவில் லேசாக உப்பியிருப்பது தெரிந்தது. அந்த உப்பலுக்கு ஏற்றபடி என் கல் குழிந்துவிட்டது. பென்சில் கட்டம் பொய் சொல்லவில்லை. கல், அடியில் இருக்கும் பரப்போடு முழுதும் ஒட்டிவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது, அந்தப் பரப்பு மட்டமா என்பதைச் சொல்வதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை முன்பே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மறுநாள் ஊருக்கு வெளியே இருக்கும் கிரானைட் பாலிஷ் பட்டறைக்கு ஸ்கேலோடும் டார்ச்சோடும் போனேன். ஓரமாகக் குவித்திருந்த வெட்டுத் துண்டுகளில் நான்கைச் சோதித்ததில், ஒன்றில் மட்டும் நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வெளிச்சம் கசியவில்லை. அங்கு வேலை செய்த அண்ணன் அதைக் காசு வாங்காமலே கொடுத்தார். கிரானைட் கிடைக்காத ஊரில் கனமான கண்ணாடித் துண்டு போதும். உருக்கிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு வார்ப்பதால் அது இயல்பாகவே மட்டமாக இருக்கும். எதுவானாலும் ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே கல்லைத் தேய்க்க வேண்டும்.

கிரானைட்டின்மேல் மீண்டும் கட்டம், மீண்டும் 220 வாட்டர் பேப்பர், பிறகு 400. இம்முறை ஓரக் கோடுகள் உடனே அழிந்து, நடுக் கோடுகள் மட்டும் வெகுநேரம் நின்றன. அதுவே குழியின் சாட்சி. நடுவில் நின்ற கடைசிக் கோடு மறையும் வரை நாற்பது நிமிடங்கள் ஆயின. 6000 பக்கத்தை 400, 1000 எண் வாட்டர் பேப்பர்களில் மட்டுமே தேய்த்து, பழைய பல் துலக்கும் பிரஷால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். கரடான மணி ஒன்று அதில் தங்கினாலும் வாயில் கீறல் விழும். கல்லின் நான்கு விளிம்புகளையும் சாய்வாக மழித்துவிட்டேன். கூரான விளிம்பில் கத்தி இடறினால் புதுச் சில்லு பெயரும்.

ஊறவைப்பதில் ஒரு கவனம் வேண்டும். 1000 பக்கம் நீர்க்குமிழி நிற்கும் வரை ஊற வேண்டும், 6000 பக்கத்துக்கு மேலே தெளிப்பதே போதும். ஆகவே தட்டில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, 1000 பக்கம் கீழே இருக்குமாறு பத்து நிமிடம் வைக்கிறேன். எங்கள் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் கல்லின்மேல் வெள்ளை படிகிறது என்பதால் கேன் தண்ணீரையே பயன்படுத்துகிறேன், உலர்த்துவது நிழலில்தான்.

மறுபடி மார்க்கர் தடவித் தள்ளியபோது, ஐந்தாவது தள்ளலிலேயே வாய் முழுவதும் மை ஒரே கோடாகப் போயிற்று. கல்லின் அகலம் 6.3 சென்டிமீட்டர், கத்தியின் வாய் அதைவிட நீளம். எனவே தள்ளும்போதே அடியிலிருந்து நுனிவரை குறுக்காக இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1000இல் மூன்று மாலைகள் வேலை செய்த பின் சில்லுகள் மறைந்து, முன்கை முடி வாய் நெடுகிலும் ஒரே சீராக மழிந்தது. 6000, அடுத்துக் குரோமியம் ஆக்சைடு, கடைசியாக வெறும் தோல் வாரில் ஐம்பது இழுப்பு. கன்னத்தில் கத்தி அமைதியாகச் சென்றது. தாடைக்குக் கீழே இன்னும் முடியைப் பிடித்து இழுக்கிறது. பெரியவரிடம் காட்டினேன். வாயைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பார்த்தவர், “கல்லு சரியாச்சு, கை இன்னும் அமுக்குது” என்றார். அடுத்த மாதம் 8000 வாங்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன். இப்போதைக்குக் கத்தியின் எடை மட்டும் கல்லின்மேல் விழும்படி 6000இல் பழகிக்கொண்டிருக்கிறேன்.