பெயிலிஃப் வரும்வரை

"அப்ப பெயிலிஃப் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் பிள்ளையளோட அங்கேயே இருக்கச் சொல்லுறியளோ, தம்பி?"

2023இல் ஒரு மத்தியானம், வீடிழப்பவர்களுக்கு உதவும் கவுன்சில் (உள்ளூராட்சி) அலுவலராக நான் கவனித்துவந்த ஒரு அக்கா கேட்டார். பெயிலிஃப் என்பவர் கோர்ட் உத்தரவுப்படி ஆட்களை வீட்டிலிருந்து வெளியேற்றும் அதிகாரி. "ஓம் அக்கா" என்றேன். அதைத் தமிழில் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அது கவுன்சிலின் பதில். "இருங்கோ அக்கா" என்றபோது சொந்தக்காரன் சொன்ன புத்திமதி ஆகிவிட்டது.

சட்டம் தெரியாமல் சொல்லவில்லை. வீடிழப்பைத் தடுக்கும் புதுச் சட்டம் 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தபோது நானும் பயிற்சிக்குப் போனவன். எத்தனை நாளுக்குள் வீடு போகும் என்றால் கவுன்சில் உதவ வேண்டும் என்ற கணக்கு 28 நாளிலிருந்து 56 நாளானது. வீடு போகும் வரை காத்திருக்காதே, முன்பே கைகொடு என்பதுதான் அதன் சாரம். அக்காவும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் செக்ஷன் 21 நோட்டீஸ் கிடைத்த வாரமே வந்தார். வீட்டுக்காரரோடு பேசிப் பார்த்தேன், விற்கப் போகிறார். அந்த நோட்டீஸுக்கு அப்போது காரணமே சொல்லத் தேவையிருக்கவில்லை. வேறு வீடு தேடினோம். வாடகைக்குக் கிடைக்கும் உதவித்தொகை 2020இல் உறைந்து நின்றுவிட்டது, வாடகை நிற்கவில்லை. அப்படியே மாதங்கள் போய், கோர்ட் உத்தரவு வந்து, அதில் போட்ட திகதியும் கடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த மத்தியானம்.

அந்தத் திகதிக்குப் பிறகும் ஒருவரை அங்கேயே இருக்கச் சொல்வது நியாயமாக இருக்க வாய்ப்பில்லை என்கிறது அரசின் வழிகாட்டி. அந்த வரியில் 'வாய்ப்பில்லை' என்று இருக்கிறதே தவிர 'கூடாது' என்று இல்லை; வெளியேற்றும் வாரண்ட் வரும் வரை இருப்பதை நியாயமாகக் கருதக் கூடாது என்பது அடுத்த வரியில்தான் வருகிறது. எங்கள் வேலையில் பாதி அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. அன்றைக்கே அவரைக் கவுன்சில் பொறுப்பில் எடுத்திருந்தால் ஹோட்டல் அறைதான். குடும்பங்களை அதில் 6 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அதற்குள் காட்ட வேறு இடமும் இல்லை. அவர் பழைய வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் மிச்சம் என்று நினைத்தேன். யாருக்கு மிச்சம்? கோர்ட் செலவு அவர் தலையில்தான் விழும். அதை அவரிடம் சொன்னேனா என்று ஞாபகமில்லை. சொன்னதாகக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

"முன்னமே வெளிக்கிட்டால்?"

"வேண்டுமென்றே வீடிழந்தவர் எண்டு எழுத இடமிருக்கு."

சிரித்துவிட்டார். "வேணுமெண்டு ஆர் தம்பி வீடில்லாமல் போவினம்?"

அப்படி எழுதப்பட்டவருக்குக் கவுன்சிலின் முழு வீட்டு உதவி கிடைக்காது. எழுத இடமிருக்கு என்றேனே, எழுதப் போகிறவன் நான்தான். வேறு யாரோ எழுதுவார்கள் போலச் சொல்லியிருக்கிறேன். கோர்ட் உத்தரவு கையில் இருக்கும் ஒருவர் விஷயத்தில் அப்படி எழுதினால் மறுபரிசீலனையில் நிற்பது கஷ்டம் என்றும் தெரியும். அது பொய்யா? முழுப் பொய் இல்லை. எழுதிய கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் பயந்து இருக்கட்டும் என்று சொன்னேன், அது மட்டும் நிச்சயம்.

அதே வாரம் 5 வருடத்துக்கு ஒருமுறை கவுன்சில் வெளியிட வேண்டிய வீடிழப்புத் திட்டத்துக்கு ஒரு பகுதி எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு: முன்கூட்டியே தடுத்தல். அதிலும் பொய் எழுதவில்லை. வாடகைப் பாக்கியைக் கட்டிக்கொடுத்து வீட்டிலேயே தக்கவைத்த குடும்பங்களும் எங்களிடம் உண்டு, அவர்களை நான் எண்ணித்தான் எழுதினேன். அக்காவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

பெயிலிஃப் வந்த அன்று சூட்கேஸ்களோடும் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகளோடும் வந்தார். பின்னேரம் ஒரு அறை கிடைத்தது. போகும்போது, "நீங்கள் சொன்னபடி இருந்தது நல்லதாப் போச்சு" என்றார். இல்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன்.

இப்போது வழிகாட்டியின் அந்தப் பந்தியை அச்செடுத்து முதலில் கையில் கொடுத்துவிடுகிறேன். பிறகு அறை நிலவரத்தைச் சொல்கிறேன். வாசித்துவிட்டு, "சரி, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.