விலகியவரின் கணக்கு

சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. வரிக் கணக்கு தாக்கல் செய்யும் பருவத்தில் வருபவர்களில் சிலர் ரசீதுக் கட்டோடு ஒரு பளபளப்பான துண்டுப்பிரசுரத்தையும் எடுத்துவருவார்கள். வீட்டிலிருந்தபடியே வருமானம், பகுதி நேரம் போதும், முன் அனுபவம் வேண்டாம். "சேரலாமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். பிரசுரத்தை நான் பெரும்பாலும் பிரிப்பதில்லை. இதில் சேர்ந்துவிட்டு விலகிய ஒருவரை உங்களுக்குத் தெரியுமா என்றுதான் கேட்பேன்.

அனேகமாகத் தெரிந்திருக்காது. அவர்களுக்கு அறிமுகமானவர்கள் எல்லாரும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்; ஆள் சேர்ந்தால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. மேடையில் ஏறி அனுபவம் சொல்பவர் ஜெயித்தவர். தோற்றவர் மேடை ஏறுவதில்லை, உறவினர் வீட்டு விசேஷத்தில்கூடப் பேச்சை மாற்றிவிடுவார். அவருடைய தாள்கள் மட்டும் என்னைப் போன்றவர்களின் மேசைக்கு வந்து சேரும்.

அப்படி வந்த ஒரு வங்கிக் கணக்குப் பட்டியல் நன்றாக நினைவிருக்கிறது. பொருளை விற்று ஆளும் சேர்க்கும் ஒரு நேரடி விற்பனைத் திட்டத்தில் இருந்த பெண்மணி, லாப நட்டம் போட்டுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். மாதந்தோறும் கமிஷன் வரவு இருந்தது, அதில் பொய்யில்லை. ஒவ்வொரு வரவுக்கும் சில நாள் முன்னால், அதைவிடப் பெரிய தொகை அதே நிறுவனத்துக்குப் போயிருந்தது. கேட்டதற்கு, "உறுப்பினர் ஐடி ஆக்டிவாக இருக்க மாதம் இவ்வளவு பாயிண்டுக்கு வாங்க வேண்டும், அதுதான் என் விற்பனை" என்றார். யாருக்கு விற்றீர்கள் என்றேன். பில்கள் எல்லாம் அவர் பெயரிலேயே இருந்தன. சரக்கு கட்டிலுக்கு அடியில், பிரிக்காத அட்டைப்பெட்டிகளில்.

கணக்கியலில் இறுதிச் சரக்கை, அதாவது ஆண்டு முடிவில் விற்காமல் மிஞ்சியதை, மதிப்பிட ஒரு விதி உண்டு: வாங்கிய அடக்கவிலை, விற்றால் கையில் நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். அந்தப் பெட்டிகளுக்கு நான் போட்ட மதிப்பைப் பார்த்து அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் அவரே அந்த விலைக்கு வெளியாள் ஒருவரிடமும் விற்க முடியாதபோது நான் வேறென்ன எழுதுவது?

சரக்கை வாங்குகிறவர் வெளியாளா, உள்ளே இருப்பவரே வாங்கிக்கொள்கிறாரா என்பதைத்தான் சட்டமும் கேட்கிறது. 1975-இல் காஸ்காட் என்ற அழகுசாதன நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிரமிட் திட்டத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. பணம் கட்டிச் சேர்பவருக்கு, கடைசி நுகர்வோரிடம் நடக்கும் விற்பனையோடு தொடர்பில்லாமல், ஆள் சேர்ப்பதற்காகவே வெகுமதி கிடைக்கிறதென்றால் அது பிரமிட். 1979-இல் ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் வழக்கில் அதே ஆணையம் அந்த நிறுவனம் பிரமிட் அல்ல என்று முடிவு செய்தது. விற்காத சரக்கைத் திரும்பப் பெறுவது, வாங்கியதில் பெரும்பகுதியை விற்றாக வேண்டும் என்பது, வெளி வாடிக்கையாளர்களுக்கு விற்றதைக் காட்ட வேண்டும் என்பது ஆகிய விதிகள் அங்கே இருந்ததுதான் காரணம். வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதை அப்போதும் ஆணையம் கண்டித்தது. 2016-இல் ஹெர்பாலைஃப் என்ற இன்னொரு நேரடி விற்பனை நிறுவனம் 20 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டபோது ஆணையம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: கொடுக்கும் வெகுமதியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, சரிபார்க்கப்பட்ட சில்லறை விற்பனையின் அடிப்படையில் இருக்க வேண்டும். கட்டிலுக்கடிச் சரக்கெல்லாம் விற்பனையாகிவிடாது என்பதைத்தான் அது சொல்கிறது.

சேர்பவர் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்த்தால் போதும் என்ற கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுகிறவர்கள் ஏழாம் எட்டாம் நிலையோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் தொடர்ந்து பெருக்கிப் பாருங்கள். பன்னிரண்டாம் நிலையில் இருநூறு கோடிக்கு மேல், பதின்மூன்றாம் நிலையில் ஆயிரத்து முந்நூறு கோடிக்கு மேல். உலக மக்கள்தொகை போதாது. தாமதமாகச் சேர்ந்தவருக்கு ஆள் கிடைக்காததற்கு அவருடைய முயற்சிக் குறைவைக் காரணம் காட்டுவது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம்.

சில நிறுவனங்கள் தங்கள் உறுப்பினர்களின் வருமான அறிக்கையை வெளியிடுகின்றன. அதைப் படிக்கும்போது பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடிக்குறிப்புக்குப் போய்விடுங்கள். 'கமிஷன் பெற்றவர்களின் சராசரி' என்றிருந்தால், ஒரு காசும் பெறாதவர்கள் அந்தச் சராசரியில் இல்லை. 'ஆக்டிவ் உறுப்பினர்கள்' என்றிருந்தால் இடையில் விலகியவர்கள் கழிக்கப்பட்டிருக்கலாம். உச்சியில் உள்ள சிலரின் தொகையே சராசரியை உயர்த்திவிடும் என்பதால், நடுவில் இருப்பவர் என்ன பெற்றார் என்று கேட்க வேண்டும். செலவு கழிப்பதற்கு முந்தைய தொகையைத்தான் பலரும் வருமானம் என்கிறார்கள். சரக்கு, தொலைபேசி, பயணம், கூட்டத்துக்கான டிக்கெட் எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தைச் செலவழித்த மணிநேரத்தால் வகுத்துப் பார்ப்பது கணக்காளர்களின் கெட்ட குணம். நிறையப் பேர் அந்த வகுத்தலோடு பிரசுரத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

டேட்டா என்ட்ரி வேலை என்று வருவது வேறு ரகம். பதிவுக் கட்டணமோ டெபாசிட்டோ கட்டச் சொல்வார்கள். குறுகிய கெடு, எட்ட முடியாத துல்லிய விகிதம், மங்கலான படங்களிலிருந்து தட்டச்சு. முடித்துக் கொடுத்தால் துல்லியம் போதவில்லை என்று கூலி மறுக்கப்படும். ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ்கூட வரும். வேலை கொடுப்பவர் நம்மைச் சோதித்துப் பார்த்துக் கூலி கொடுப்பதுதான் உலக வழக்கம். வேலைக்கு வருபவரிடம் பணம் வாங்குகிற இடத்தில் விலைபொருள் அந்த வேலையேதான். இதைப் பற்றி இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

கடினமானது மூன்றாவது வகை. இயந்திரத்தை வாங்குங்கள், மூலப்பொருள் தருகிறோம், செய்ததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பவர்கள். இதில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். பிரசுரத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஒப்பந்தத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்க்க வேண்டும். 'தரம் குறித்து நிறுவனத்தின் முடிவே இறுதியானது' என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால், திரும்ப வாங்குகிறோம் என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை. எந்த அளவு, எத்தனை சதவீதப் பழுதுவரை ஏற்பார்கள், நிராகரித்தால் எத்தனை நாளுக்குள் காரணம் எழுதித் தருவார்கள் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். இயந்திரத்தின் சந்தை விலையையும் தனியாக விசாரிக்க வேண்டும். இயந்திரத்தை விற்றவுடனேயே அவர்களுடைய லாபம் கைக்கு வந்துவிடுகிறதென்றால், நாம் செய்யும் பொருளைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

வணிக வாய்ப்புகளை விற்பவர்களுக்காக 2012-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த திருத்திய விதி, கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது ஏழு நாள் முன்பாக ஒரு பக்க விவரத்தாளைக் கொடுக்கச் சொல்கிறது. வழக்குகள் உண்டா, பணம் திரும்பக் கிடைக்குமா, முன்பு வாங்கியவர்கள் யார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இப்படி ஒரு விதி எங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே விவரங்களைக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. இன்றைக்குள் கட்டினால் சலுகை என்பவரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டால் போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

காகிதப் பை செய்யும் இயந்திரத்துக்கான ஒப்பந்தத்தோடு ஒருவர் வந்தார். அந்த ஒற்றை வரி அதில் இருந்தது. பழுது வரம்பையும் நிராகரிப்புக்குக் காரணம் தரும் கெடுவையும் சேர்க்கச் சொல்லி, பழைய உறுப்பினர்களின் தொடர்பும் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னேன். பதில் வராது என்றே நினைத்திருந்தேன். வந்தது, விலகிய ஒருவரின் எண்ணோடும் வந்தது. அந்த விலகியவர் நிறுவனத்தைத் திட்டவில்லை. மழைக்காலத்தில் காகிதம் நமுத்துப்போய் நிராகரிப்பு கூடியது, சேமித்து வைக்க உலர்ந்த அறை இல்லாததால் விட்டுவிட்டேன் என்றாராம். வந்தவர் தன் வீட்டு அறையை அளந்து பார்த்துவிட்டு, இயந்திரத்தை வாங்காமல் ஆறு மாத வாடகைக்குக் கேட்டிருக்கிறார். வாடகை எவ்வளவு என்பதில் இப்போது பேரம் நடக்கிறது.