ஜிடிஏ 6-க்கு எந்தப் பெட்டி?

ஜிடிஏ 6 வீடியோ கேம் வருவதற்குள் எங்கள் பெருந்துறை ரோடு பேக்கரியில் அடிதடியே நடந்துவிடும் போலிருக்கிறது. அதை விளையாட வாங்க வேண்டிய பெட்டி (கன்சோல்) பிளேஸ்டேஷன் 5-ஆ, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ஆ என்று தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டிலும் 16 ஜிபி நினைவகம்தான். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் பெரிதாக இருக்காது என்பது என் கட்சி.

என் கவலையெல்லாம் எக்ஸ்பாக்ஸிலேயே சின்னப் பெட்டியான சீரிஸ் எஸ் வாங்கப்போகும் மாப்பிள்ளையைப் பற்றித்தான். விலை குறைவு, உண்மை. ஆனால் நினைவகம் 10 ஜிபி. டிஸ்க் போட வழியே கிடையாது. நாங்களோ ஒரு டிஸ்க் வாங்கினால் ஈரோட்டிலிருந்து கோபிச்செட்டிபாளையம் வரை கைமாற்றி, உறையின் மூலை நசுங்கி, பேனாவில் எழுதிய பெயர் பாதி அழியும்வரை விளையாடுகிறவர்கள். அவர் மட்டும் ஒவ்வொன்றையும் இணையத்தில் தனியாக வாங்க வேண்டும்.

கணினியில்தான் விளையாடுவேன் என்று இன்னோர் அண்ணன் அடம்பிடிக்கிறார். ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்தது 2013-இல். கணினிக்கு வந்தது 2015-இல். பொறுமைசாலி, காத்திருக்கட்டும்.

நான் பிளேஸ்டேஷனுக்கே சீட்டுப் பணத்தை ஒதுக்கிவிட்டேன் (வீட்டில் இன்னும் சொல்லவில்லை). எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்; நல்ல ஸ்டெபிலைசர் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.