காளான் மருந்தை புற்றுநோய் செல்லுல போட்டுப் பார்த்த கதை

பிஎச்டி முதல் வருஷம் பூரா எனக்கு கார்டிசெபின் கூடதான் போச்சு. புழு, கூட்டுப்புழு மேல முளைக்கிற கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ்ங்கிற பூஞ்சைல இருந்து 1950லயே பிரிச்செடுத்த பொருள் இது. நம்ம உடம்புல இருக்கிற அடினோசின் மாதிரியே இருக்கும், ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான் கம்மி, அதனால செல் ஏமாந்து இதை ஆர்என்ஏ சங்கிலில கோத்துடும், அதோட சங்கிலி நின்னுடும்.

நான் எடுத்தது எம்டிஏ-எம்பி-231ங்கிற மார்பகப் புற்றுநோய் செல்கள். டிரிபிள் நெகட்டிவ் வகை, ஹார்மோன் மாத்திரையும் ஹெர்செப்டின்ங்கிற மருந்தும் இதுகிட்ட வேலை செய்யாது, அதனாலதான் இதுக்கு புது மருந்து தேடுறாங்க. 96 குழி பிளேட்ல செல்ல போட்டு, மறுநாள் மருந்து, கடைசில எம்டிடிங்கிற மஞ்சள் சாயம். உயிரோட இருக்கிற செல் மஞ்சளை ஊதாவா மாத்தும், செத்தது மாத்தாது.

முதல் பிளேட்லயே அதிக டோஸ் போட்ட வரிசை அப்படியே மஞ்சள்! சார்கிட்ட ஓடினேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "டிஎம்எஸ்ஓ எவ்ளோ போட்டே?" மருந்தைக் கரைச்ச அந்த டிஎம்எஸ்ஓ அதிக டோஸ்ல 2% ஆயிருந்தது. மருந்தே இல்லாம வெறும் 2% டிஎம்எஸ்ஓ மட்டும் போட்டுப் பார்த்தா அதுவும் மஞ்சள், அதாவது டிஎம்எஸ்ஓவே செல்லைக் கொன்னிருக்கு. அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல.

மருந்துக் கரைசலை இன்னும் கெட்டியா பண்ணி, குழில டிஎம்எஸ்ஓவை 0.1%க்கு இறக்கினேன். இப்ப பிளேட் முழுக்க ஊதா, மருந்து ஒண்ணுமே பண்ணல. விட்டுடலாம்னு இருந்தப்பதான் லேப்ல சீனியர் அக்கா சொன்னாங்க, செல்லுக்கு ஊத்துற மாட்டு சீரத்துல அடினோசின் டிஅமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது கார்டிசெபினை செல்லுக்குள்ள போறதுக்கு முன்னாடியே உடைச்சிடுதுன்னு. அந்த என்சைமைத் தடுக்கிற பென்டோஸ்டாட்டின் சேர்த்தேன், அது மட்டும் தனியா ஒரு வரிசையும் வச்சேன். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா டோஸ் ஏற ஏற, உயிரோட இருக்கிற செல் உண்டாக்குற ஊதா ஊசி மாதிரி படிகங்க குறைஞ்சிட்டே வருது, தனி வரிசைல அப்படியே இருக்கு. மூணு தடவை திரும்பச் செஞ்சும் அதேதான். ஆனா புற்றுநோய் இல்லாத எம்சிஎஃப்-10ஏ செல்லும் கொஞ்சம் குறைஞ்சது, அதையும் மறைக்காம நோட்டுல எழுதினேன்.

அந்த வாரம்தான் கீமோல இருக்கிற எங்க சித்தி போன் பண்ணி, "நீ பண்ற காளான் பொடியா கிடைக்குதாமே, கீமோவ விட்டுட்டு அதையே சாப்பிடவா?"ன்னு கேட்டாங்க. அந்த என்சைம் நம்ம உடம்புலயும் இருக்கு சித்தி, மருந்து ரத்தத்துல ரொம்ப நேரம் தாங்காது, நான் பார்த்தது பிளாஸ்டிக் குழில இருக்கிற செல்லு, உங்க உடம்பு இல்ல, டாக்டர்கிட்ட கேக்காம எதையும் தொடாதீங்கன்னு ஒரே மூச்சுல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "சரி, வியாழக்கிழமை கீமோவுக்கு நீயும் கூட வா"ன்னாங்க.

போனேன்.