மாற்றினால் நல்லது

"வரிச் சலுகை கிடைக்க வீட்டு நிறத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா, மிஹா?" என்று நாங்கள் புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய வீட்டின் சொந்தக்கார அம்மா கேட்டார். "மாற்றினால் நல்லது, சென்யோரா" என்றேன்.

வேண்டியதில்லை என்பதுதான் சரியான பதில். அன்றைக்கே எனக்கு அது தெரியும். வேலை முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை, அந்த வீட்டின் படம் எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனாலும் பாத்திரம் கழுவும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் அந்தப் பதில் வந்து முன்னால் நிற்கிறது. பொய் என்று சொல்ல முடியாது, "நல்லது" என்றுதானே சொன்னேன், "கட்டாயம்" என்று சொல்லவில்லையே. ஆனால் 79 வயது அம்மா, தன் தாய்மொழி இல்லாத மொழியில், கையில் அளவு நாடாவோடு நிற்பவளிடம் கேட்கிறார். அவர் காதில் அது கட்டாயம் என்றுதான் விழும். அதுவும் எனக்குத் தெரியும்.

கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்பவர்களுக்கு மில்ஸ் சட்டம் பழகிய விஷயம். பழைய வீட்டை நகரம் வரலாற்றுச் சின்னமாக ஏற்றுக்கொண்டால், பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சொத்து வரியைக் குறைப்பார்கள். உண்மையில் அந்த அம்மாவுக்கு இது தேவையே இல்லை. 1974-ல் வாங்கிய வீடு, வரி இன்னும் பழைய மதிப்பை ஒட்டியே போகிறது. தேவை மகளுக்கு. 2021-லிருந்து, பெற்றோர் வீட்டில் பிள்ளைகள் தாங்களே குடியிருக்காவிட்டால் கைமாறும்போது மறுமதிப்பீடு வந்து வரி ஏறிவிடும். மகள் வேறு ஊரில் இருக்கிறார், அதனால் முன்கூட்டியே யோசித்தார். அதில் ஒரு தப்பும் இல்லை. எங்களுக்கு வேலை கொடுத்ததும் மகள்தான்.

1927-ல், ஸ்பானிஷ் பாணி என்று இங்கே சொல்லும் விதத்தில் கட்டிய வீடு. வளைந்த களிமண் ஓடு, ஆர்ச் வைத்த முன் ஜன்னல், இரும்புக் கம்பி விளக்கு, உள்ளே ஒரு சின்ன முற்றம். ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, அடியில் இற்றுப்போயிருந்த தார்த்தாளை மாற்றி, அதே ஓடுகளைத் திரும்ப ஏற்றினோம். மர ஜன்னல்களைத் தூக்கிப்போடாமல் பழுது பார்த்தோம், பின்னால் எப்போதோ வைத்த இரண்டு வினைல் ஜன்னல்களை எடுத்துவிட்டு மரத்திலேயே புதிதாகச் செய்தோம். இதிலெல்லாம் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. நிறம் மட்டும்தான்.

வீடு அப்போது ரோஸ். மென்மையான ரோஸ் இல்லை, நல்ல அடர்த்தியான, கொய்யாப்பழத்தின் உள்பக்கம் மாதிரி ரோஸ். வாசல் விளக்கைக் கழற்றி, அதன் பின்னால் ஒரு நாணய அகலத்துக்குச் சுவரைச் சரிவாகத் தேய்த்தேன். இப்படித் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். மேலே நான்கு ரோஸ் வளையங்கள், அதற்குள் ஒரு வெள்ளை, ஒரு வெளிறிய பச்சை, நடுவில் ஸ்டக்கோ எனும் சுவர்ச் சாந்திலேயே கலந்திருந்த வெண்ணெய் நிறம். அந்த நடுப்புள்ளியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்த சந்தோஷத்தில் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நடுப்புள்ளியைப் பார்க்கவில்லை. ரோஸ் வளையங்கள் மேல் விரல் நுனியை வைத்து, மேலே இருப்பது கணவர் போன பிறகு கான்ட்ராக்டர் அடித்தது என்றார். கீழே உள்ள மூன்றும் கணவர் கையால் அடித்தவை. அவர் டூனா மீன் ஆலையில் வேலை பார்த்தவர், கண் மதிப்பில் கலப்பாராம், அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறிவிடுமாம். "இது வீடு வாங்கிய கோடை. இது மூத்தவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது." மூன்றாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நிமிர்ந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். மிஹா என்று எல்லாப் பெண்களையும் கூப்பிடுவார், நம் பாட்டிமார் கண்ணு என்பது போல.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த மேல் பூச்சு எப்படியும் போக வேண்டியதுதான். ரப்பர் மாதிரி நீளும் எலாஸ்டோமெரிக் பெயின்ட், சுவருக்குள் போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்து, வடக்குப் பக்கம் முழுக்கக் கொப்புளம். சிலிக்கேட் பெயின்ட் அடிப்பதாக முடிவு செய்திருந்தோம், அது சுவரோடு ஒட்டிப் பிணைய வேண்டுமென்றால் பழைய பெயின்ட் எல்லாம் போயாக வேண்டும். 1978-க்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதற்கான பாதுகாப்போடு உரித்தெடுத்தோம். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் இவை ரோஸை ஏன் உரிக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள். ஏன் திரும்ப ரோஸ் அடிக்கக் கூடாது என்பதற்கு இதில் ஒன்றுகூட இல்லை. சிலிக்கேட்டில் இரும்பு ஆக்சைடு போட்டால் அருமையான ரோஸ் வரும். நான் கையாண்ட விண்ணப்பங்களில் ஜன்னல், ஓடு, ஸ்டக்கோவின் சொரசொரப்பு இவற்றைத்தான் கேட்டிருக்கிறார்கள். பெயின்ட் என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றக்கூடியது, அதனால் நிறத்துக்காக எதையும் நிராகரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்த வெண்ணெய் நிறம் வேண்டும். அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படிக்கிற காலத்தில் பர்ரகானின் ரோஸ் சுவர்களைப் பார்த்து மயங்கியவள் நான். 1980-ல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய மெக்சிகோக் கட்டடக் கலைஞர் அடித்தால் அது கலை, மீன் ஆலைத் தொழிலாளி தன் வீட்டுக்கு அடித்தால் என் அறிக்கையில் அது "பிற்காலச் சேர்க்கை". அப்படித்தான் எழுதியிருக்கிறேன், கோப்பில் இருக்கிறது.

இன்னொன்று. விண்ணப்பத்துக்காக வீட்டின் பழைய பத்திரங்களை வரிசையாக எடுக்க வேண்டியிருந்தது. 1920-களின் பத்திரத்தில், வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு என்று ஒரு நிபந்தனை. அந்தக் காலத்துக் கலிஃபோர்னியாப் பத்திரங்களில் இது சாதாரணமாக இருந்ததுதான், 1948-ல்தான் இதையெல்லாம் நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1915-ல் பால்போவா பூங்காவில் நடந்த கண்காட்சிக்காக குட்ஹ்யூ என்ற கட்டடக் கலைஞர் மெக்சிகோவின் தேவாலயங்களையும் மாளிகைகளையும் பார்த்து வடிவமைத்த கட்டடங்கள்தான் இந்த ஊரில் இந்தப் பாணியையே பரப்பின. மெக்சிகோவிலிருந்து வந்ததற்கு ஸ்பானிஷ் என்று பேர் வைத்து, மெக்சிகோக்காரர்களை உள்ளே விடாமல் கட்டிய தெருக்கள் எத்தனையோ. அந்த அம்மாவும் நானும் அந்த வாசலில் குடித்தனக்காரர்களாக நின்றிருக்க முடியாத ஒரு வருடத்துக்கு வீட்டைத் திருப்பிக் கொண்டுபோக இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

இப்படி யோசித்தால் மறுபக்கமும் வருகிறது. அதற்காக 1927-ன் ஓடும் ஜன்னலும் மட்டும் நல்லவையா? அவற்றை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினேனே. மேலும் வீடு இப்போது உண்மையிலேயே அழகாக இருக்கிறது. சாயங்கால வெயிலில் ஓட்டின் செம்மண் நிறமும் சுவரும் ஒன்றோடொன்று பேசுகின்றன. நாளைக்கே என்னிடம் கேட்டாலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஜூன் மாதக் காலைகளில் கடல் மேகம் இறங்கி ஊரே சாம்பலாகக் கிடக்கும்போது, அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடுதான் பிரகாசமாக இருக்கும். இந்த ஜூனில் போனேன். எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்த அம்மா ஒரு பாத்திரம் நிறைய தமாலே செய்து கொடுத்தார். ரொம்ப அழகாக இருக்கிறது மிஹா என்றார், மனதாரத்தான் சொன்னார். முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வந்த தங்கை, இந்த வீட்டை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டாராம். ஐம்பது வருடமாக எல்லோருக்கும் ரோஸ் வீடு என்றுதான் வழி சொல்லியிருக்கிறோம், அவள் எங்கே கண்டுபிடிப்பாள் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன மாதம் மகளுக்கு போன் செய்து, நிறம் கட்டாயம் இல்லை, அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் என் செலவிலேயே மாற்றித் தருகிறேன் என்றேன். "அம்மா பழகிவிட்டார், இப்போது போய் அதைக் கிளற வேண்டாம்" என்றார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். என் மனம் ஆறுவதற்காக 79 வயதுக்காரரை மறுபடியும் சாரத்துக்கும் தூசிக்கும் நடுவில் உட்காரவைப்பதா?

ஆனாலும் இரண்டு பலகையில் ரோஸ் கலந்து அடித்து வைத்திருக்கிறேன். விளக்குக்குப் பின்னால் எடுத்த புகைப்படத்தை வைத்து, மூன்றாவது வளையத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு. அடுத்த வாரம் முன் ஜன்னல் கொக்கி ஒன்றைச் சரிபார்க்க அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. பலகைகள் காரில்தான் இருக்கின்றன.