அம்மா செருப்புப் போட்டுக் குளித்த இரண்டு மாதம்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், சமையலறையில் மீன் வாடை அடித்தது. அன்றைக்கு வீட்டில் மீன் வாங்கவில்லை. குன்னூரில் அந்த வாரம் முழுக்க அடைமழை, மார்க்கெட் பக்கமே யாரும் போகவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன், சிங்குக்கு அடியில் பார்த்தேன், எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று அரிசி டிரம்முக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் வாடை தானாகவே போய்விட்டது.

மறுநாள் காலையில் மறுபடியும் வந்தது. இந்த முறை கவனித்தேன். கீசர் போட்டுப் பத்து நிமிஷத்தில் வருகிறது, அணைத்தால் போகிறது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் சுவிட்ச் போர்டில் மூக்கை வைத்துப் பார்த்தேன். அங்கேதான். போர்டின் மேல் கை வைத்தால் இளஞ்சூடு. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி டீ சிந்தியது போல ஒரு பழுப்பு வளையம்.

சுவிட்சும் சாக்கெட்டும் செய்கிற சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடேறினால் மீன் கவுச்சி போலத்தான் நாறும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கரிந்த வாடை வந்திருந்தால் உடனே பயந்திருப்பேன். மீன் வாடை என்பதால் ஒரு நாள் முழுக்க வேறு எங்கோ தேடிக்கொண்டிருந்தேன். காரணமில்லாமல் அப்படி ஒரு வாடை வந்தால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

பக்கத்தில் இருந்த ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். சாக்கெட்டைக் கழற்றிப் புதிது போட்டார், இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. வாடை நின்றது. நானும் அத்தோடு விஷயத்தை மறந்தேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் காலையில், அம்மா குளித்துவிட்டு வந்த தடம் ஹாலில் ஈரமாக இருந்தது. பாதத் தடம் இல்லை, செருப்புத் தடம்.

“ஏம்மா செருப்புப் போட்டுட்டா குளிக்கிற?”

“பைப்பைத் தொட்டா கை கிர்ருங்குதுடி. செருப்புப் போட்டா ஒண்ணும் தெரியல.”

“எத்தனை நாளா?”

“புரட்டாசி கடைசிலேர்ந்து.”

அம்மாவுக்கு வயது 74. இரண்டு மாதமாகத் தினமும் கரண்ட் கசியும் குழாயைத் தொட்டுக் குளித்திருக்கிறாள். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: குழாயில், கிரைண்டரில், வாஷிங் மெஷினில் எங்காவது லேசாக ஷாக் அடிக்கிறதா? அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கே கீசரின் இணைப்பை எடுத்துவிட்டேன். அடுப்பில் வெந்நீர் வைத்தோம். அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவரை வரச் சொன்னோம். நாற்பது வருஷமாக வயரிங் வேலை பார்ப்பவர், லைசென்ஸ் உள்ளவர். வந்ததும் கீசரைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ நேராக வாசலில் இருக்கும் மீட்டரிடம் போனார். வீட்டில் எல்லா சுவிட்சையும் போடச் சொல்லிவிட்டு மீட்டரைக் காட்டினார். அதில் ‘எர்த்’ என்று குறித்த ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“கண்ணு, போற கரண்ட் திரும்பி வரலைன்னா இது எரியும். எங்கேயோ செவுத்துல, தண்ணில, பூமில இறங்குது. எத்தனை நாளா எரியுதோ!”

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க ஆள் வருகிறார், கார்டில் எழுதிவிட்டுப் போகிறார். நாங்களும் எத்தனை யூனிட் என்று மட்டும்தான் பார்ப்போம். அந்தச் சிவப்பு விளக்கை மீட்டர் ஓடுகிறது என்பதற்கான அடையாளம் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்புறம் ஏணி போட்டு சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினார். எங்கள் வீடு தாத்தா 1968இல் கட்டியது. தகரக் கூரை, அடியில் மரப்பலகை சீலிங், ஒன்றரை அடி கனத்தில் கல் சுவர். பைக்காராவில் 1932லேயே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்த மலை இது. கரண்ட் சீக்கிரம் வந்த மலை என்பதால், பழைய வயரிங் அப்படியே இருக்கும் வீடுகளும் இங்கே நிறைய. எங்கள் வீட்டிலும் சுவர் முழுக்கத் தேக்குப் பட்டி அடித்து, அதன் மேல் வயரை வைத்துத் தகரக் கிளிப் மடித்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பட்டிகளுக்கு வார்னிஷ் அடிப்பார்.

மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். வயரின் மேல் இருந்தது பிளாஸ்டிக் இல்லை, ரப்பர். அவர் டெஸ்டரால் லேசாக நெம்பினார். காய்ந்த மரப்பட்டை போல உறை பிட்டுக்கொண்டு விழுந்தது, உள்ளே செம்பு கருத்துப்போய்த் தெரிந்தது. ஓர் இடத்தில் எலி கடித்திருந்தது. இன்னோர் இடத்தில் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை காய்ந்து, டேப் தனியாகத் தொங்கியது. அந்த முறுக்கிலிருந்துதான் கீசருக்கு லைன் போயிருந்தது.

“இது 3/22 வயர். லைட்டுக்குப் போட்டது. இதுல போய்க் கீசரைக் கட்டியிருக்காங்க.”

இருபத்திரண்டாம் நம்பர் கம்பி மூன்று இழை என்று அர்த்தம். இன்றைய கணக்கில் 1 சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தாத்தா காலத்தில் நாலு பல்பும் ஒரு ரேடியோவும்தான். 2000 வாட் கீசர் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மார்கழியில் அதோடு ரூம் ஹீட்டரும் ஓடும். அத்தனை சூடும் ஐம்பது வருஷம் பனியிலும் ஈரத்திலும் கிடந்த ரப்பரின் மேல்தான் ஏறியிருக்கிறது. மலையில் ஈரம் மழையோடு நிற்பதில்லை. மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும், தகரத்தின் அடியில் வேர்த்து சீலிங்கில் சொட்டும்.

அந்த ஏணியில் நின்றபோதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஹீட்டர் போட்டால் படுக்கையறை விளக்கு மங்கும், கரண்ட்டில் வோல்டேஜ் இல்லை என்போம். ஆனால் பக்கத்து வீட்டில் மங்காது. நாங்கள் ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை. ஹால் சுவிட்ச் சடசடக்கும், மாற்றினோம். ஆறு மாதத்தில் புதிதும் சடசடத்தது. ஃபியூஸ் அடிக்கடி போகும், அப்பா இன்னும் கொஞ்சம் தடித்த கம்பியாகச் சுற்றுவார், அப்புறம் போகாது. ஃபியூஸ் போகாமல் இருப்பதைத்தான் சரியானதாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் கம்பி தடித்த நாளிலிருந்து, உருக வேண்டிய ஃபியூஸுக்குப் பதிலாக சீலிங்குக்குள் வயர் வெந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் ஒரு தனிப் பழுதாகப் பார்த்தோம். எல்லாம் ஒரே நோய்.

இதைப் படித்துவிட்டு, ஒரு சுவிட்ச் கெட்டாலே வயரிங் போச்சு என்று பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் ஒரு முறை சூடானால் அது ஒரு தளர்ந்த ஸ்க்ரூவாக இருக்கலாம். தெருவுக்கே விளக்கு மங்கினால் அது மின்வாரியத்தின் பக்கம். வீட்டின் வெவ்வேறு மூலைகளில் இதே மாதிரி வந்துகொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பிளக் பாயின்டைத் திறந்து பார்க்கச் சொன்னால் உள்ளே இரண்டு வயர்தான் இருக்கிறது, எர்த் வயரே இல்லை என்றால் அதுவும் பெரிய அடையாளம். எங்கள் வீட்டில் மூன்று துளை சாக்கெட்டுகள் இருந்தன, மேல் துளைக்குப் பின்னால் வயர் இல்லை. இன்னொன்று: ஃபியூஸ் கட்டை இரண்டு இரண்டாக, கரண்ட் வரும் ஃபேஸுக்கும் அது திரும்பிப் போகும் நியூட்ரலுக்கும் சேர்த்து இருந்தால் அது பழைய முறை. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் லைனில் கரண்ட் இருக்கும். அணைந்துவிட்டது என்று கை வைப்பவருக்கு ஆபத்து.

கண்ணால் பார்த்தது போதாது என்று மறுநாள் பெரியவர் மெக்கர் கொண்டுவந்தார். வயரின் உறை கரண்ட்டைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று மெகாஓம் கணக்கில் அளக்கும், கைப்பிடி சுற்றும் பழைய கருவி, 500 வோல்ட் கொடுக்கும். மெயினை அணைத்து, பல்பு, ஃப்ரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் கழற்றி, வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துச் சுற்றினார். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். ஹால் பக்கம் கிட்டத்தட்ட அரை. சமையலறை, குளியலறைப் பக்கம் முள் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை. அம்மா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை “அவர் வார்னிஷ் அடிச்ச பட்டி, எடுக்க வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், “சரி, எடுத்துடுங்க” என்றாள்.

பொங்கல் கழித்து, மழை இல்லாத தை மாதத்தில் வேலையை வைத்துக்கொண்டோம். மொத்தம் ஒன்பது நாள், செலவு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுவரை வெட்டிப் பைப்பைப் புதைக்கலாமா என்று தம்பி கோயம்புத்தூரிலிருந்து கேட்டான், அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெரியவர் மறுத்துவிட்டார். மண் சாந்து வைத்துக் கட்டிய கல் சுவர், வெட்டினால் பெயர்ந்துகொண்டே போகும், ஈரச் சுவருக்குள் பைப்பில் தண்ணீரும் கோக்கும். அதனால் வெளியே பி.வி.சி. பட்டி போட்டோம். அழகு கொஞ்சம் குறைவுதான். நாளைக்கு ஒரு வயரைப் பார்க்க வேண்டும் என்றால் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

விளக்குக்கு 1.5, பிளக் பாயின்டுக்கு 2.5, கீசருக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். கீசர் லைனில் வேறு எதுவும் சேரவில்லை, அதற்கென்று தனி எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக, தானாக விழுந்து கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச்). பழைய எர்த் குழியைத் தோண்டியபோது கம்பி துருவாகக் கையில் வந்தது. புதிய குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டார்கள். எல்லா பாயின்டுக்கும் எர்த்துக்கான பச்சை வயர் போனது. மீட்டரிலும் அதற்கு முந்தைய இணைப்பிலும் நாங்கள் கை வைக்கவில்லை. செக்ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்தோம், வாரிய ஆட்களே வந்து இணைப்பைத் துண்டித்து, வேலை முடிந்ததும் கொடுத்தார்கள்.

கசிவைக் கண்டுபிடித்துக் கரண்ட்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இரண்டு போட்டோம், வீட்டில் பாதிக்கு ஒன்று என்று. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் கட் பண்ணிவிடும். எம்.சி.பி. இருந்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். அம்மா கையில் ஏறியது போன்ற கசிவு அதற்குத் தெரியவே தெரியாது. முதல் நாள் ஒரு ஆர்.சி.சி.பி. நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. அரை நாள் தேடியதில், ஹாலின் நியூட்ரல் ஒன்று அடுத்த பாதியின் நியூட்ரலோடு கலந்திருந்தது தெரிந்தது. “இது விழுதுன்னு யாராச்சும் இதை விட்டுட்டு நேரா கனெக்ஷன் குடுத்தா ஒத்துக்காத கண்ணு” என்று பெரியவர் இரண்டு முறை சொன்னார்.

கடைசி நாள் மறுபடியும் மெக்கர் சுற்றினார். எல்லா லைனும் 100 மெகாஓமுக்கு மேல். மீட்டரில் சிவப்பு விளக்கு இல்லை.

சித்திரையில் கோடைமழை வந்த முதல் ராத்திரி, பாதி வீடு இருண்டது. ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தது. எல்லா எம்.சி.பி.யையும் அணைத்து, அதை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டேன். வாசல் விளக்கின் எம்.சி.பி.யைப் போட்டதும் மறுபடி விழுந்தது. அதை மட்டும் அணைத்துவிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டு தூங்கினோம். காலையில் வாசல் விளக்கைக் கழற்றினால் ஹோல்டருக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர். மழைக்குத் தாங்கும் மூடி உள்ளதாக மாற்றினோம், 350 ரூபாய் ஆனது. அம்மா இப்போது வெறுங்காலோடுதான் குளிக்கிறாள். மீட்டர் ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது அவள் வேலை.