'பரவாயில்லை'க்கு எத்தனை மார்க்?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு வளவில் உட்கார்ந்துகொண்டு, "இதை அஞ்சு புள்ளி அளவுகோல்ல சொல்லுங்க ஆச்சி" என்று நான் கேட்டதும், அவர் முடைந்துகொண்டிருந்த ஓலைக் கொட்டானை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சு புள்ளியா? இந்த வீட்டுக்கு ஏழு புள்ளி ஆத்தா. மூணு மெட்ராஸ்ல, ஒண்ணு மலேசியாவுல..." என்று விரல் மடக்க ஆரம்பித்துவிட்டார். செட்டிநாட்டுப் பக்கம் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன், நகரத்தார் பேச்சில் புள்ளி என்றால் கல்யாணம் முடிந்து கோயில் கணக்கில் ஏறிய ஒரு குடும்பம். நான் தேவகோட்டைக்காரி, எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வகுப்பில் 'ஐந்து புள்ளி அளவுகோல்' என்று எழுதி எழுதிப் பழகி, அதே சொல்லை வாயில் வைத்துக்கொண்டு அந்த வளவுக்குள் போய்விட்டேன்.

பிஎச்டி களப்பணி அது. பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளில் சில ஹோட்டலாக மாறிவிட்டன, பஸ்ஸிலும் காரிலும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள், இதைப் பற்றி ஊர்க்காரர்கள் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், காரைக்குடி. வாக்கியங்கள் 22. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முழுமையாக உடன்படுகிறேன்' தொடங்கி 'சிறிதும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டம், நடுவில் 'நடுநிலை'. சர்வே படிவம் நிரப்பிய எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு லிக்கர்ட் அளவுகோல் என்று பெயர். (பல வருடம் நானும் 'லைக்கர்ட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதை உருவாக்கியவர் தன் பெயரைச் சொன்னது லிக்கர்ட் என்றுதான்.) அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் இதை வெளியிட்டது 1932-இல். அதற்கு நான்கு வருடம் முன்பே, 1928-இல், மனப்பான்மையை அளக்க முடியும் என்று தர்ஸ்டோன் என்கிற இன்னொரு உளவியலாளர் எழுதிவிட்டார். ஆனால் அவர் வழி பெரிய வேலை. வாக்கியங்களைச் சீட்டில் எழுதி, நடுவர்களிடம் கொடுத்து, சாதகம் முதல் பாதகம் வரை 11 குவியலாகப் பிரிக்கச் சொல்லி, அதிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மதிப்பு எடுக்க வேண்டும். லிக்கர்ட் நடுவர்களே வேண்டாம் என்றார். பதில் சொல்கிறவரிடமே எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேள், 1 முதல் 5 வரை எண் போடு, எல்லா வாக்கியத்தின் எண்ணையும் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகைதான் அளவுகோல். ஒற்றைக் கேள்விக்கு ஐந்து கட்டம் போட்டுவிட்டு 'லிக்கர்ட் அளவுகோல்' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர், என் எம்ஏ பிராஜெக்டிலும் அதே தப்பு இருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். முன்னோட்டமாக 30 பேரிடம் கேட்டு முடித்து, எண்களை ஏற்றி, க்ரோன்பாக் ஆல்ஃபா போட்டேன். 22 வாக்கியமும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றனவா, ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று காட்டும் எண் அது. 1951-இல் க்ரோன்பாக் கொடுத்தது, 0.7-க்கு மேல் வந்தால் கைடுகள் சிரிப்பார்கள். எனக்கு 0.2-க்குக் கீழே. கூடவே எதிர்மறை வாக்கியங்களைத் திருப்பிப் போட்டீர்களா என்று கைடு கேட்டார். போடவில்லை. அதாவது ஊருக்கு நல்லது என்கிற வாக்கியத்தில் 5 வாங்கியவரும், ஊருக்குக் கெடுதல் என்கிற வாக்கியத்தில் 5 வாங்கியவரும் ஒரே பக்கம் நிற்கக் கூடாது இல்லையா, அதனால் பின்னதை 6-இலிருந்து கழித்து எழுத வேண்டும். கழித்தேன். 0.43. அதற்கு மேல் நகரவில்லை.

இரண்டு நாள் எஸ்பிஎஸ்எஸ் என்கிற புள்ளியியல் மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். எந்த வாக்கியத்தை எடுத்தால் ஆல்ஃபா ஏறுகிறது என்று பார்த்தால் 7, 12, 18. மூன்றும் எதிர்மறை. அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு போனில் பதிவு செய்த ஒலி இருந்தது, ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

ஏழாவது வாக்கியம் இது: 'சுற்றுலாப் பயணிகள் வருவதால் எங்கள் ஊருக்கு எந்தப் பயனும் இல்லை.' ஆச்சி பதில் சொல்கிறார், "இல்ல ஆத்தா, ஒண்ணுமில்ல. வர்றாக, படம் புடிக்கிறாக, போறாக." பேனா சத்தம்கூடக் கேட்கிறது. நான் குறித்தது 'உடன்படவில்லை'. அவர் 'இல்லை' என்றார், நான் இல்லை என்கிற கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன். அவர் சொன்னதோ பயன் இல்லை என்பது, அதாவது வாக்கியத்தோடு முழுக்க ஒத்துப் போகிறார். தமிழில் 'இல்லை'யில் முடிகிற ஒன்றைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டால், ஒத்துக்கொள்கிறவரும் 'இல்லை' என்பார், மறுக்கிறவரும் 'இல்லை இல்லை, இருக்கு' என்று ஆரம்பிப்பார். காகிதத்தைத் தானே படித்து நிரப்பியவர்கள் பாடு இன்னும் மோசம், 'பயன் இல்லை என்பதில் உடன்படவில்லை' என்பதை மனசுக்குள் அவிழ்த்துப் பார்க்க அரை நிமிஷம் வேண்டும், ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரே இரண்டு தரம் அடித்துத் திருத்தியிருந்தார்.

எதிர்மறை வாக்கியமே வைக்காமல் விட்டுவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. வந்த பிள்ளை மனசு நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் 'ஆமா, போட்டுக்க' என்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம், எதிர்ப்பக்க வாக்கியம் இருந்தால்தான் அவர்கள் பிடிபடுவார்கள். கடைசியில் நான் செய்தது, பக்கத்தை மட்டும் மாற்றி 'இல்லை'யைத் தூக்கிவிட்டேன். 'பயன் இல்லை' என்பதற்குப் பதில் 'வெளியாட்கள் வருவது ஊருக்குத் தொந்தரவு.' இதற்கு ஆமா என்றால் ஆமா, இல்லை என்றால் இல்லை.

அப்புறம் ஆத்தங்குடி. டைல்ஸ் பட்டறையில் ஒரு அண்ணன் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, பூவுக்குச் சிவப்பும் இலைக்குப் பச்சையுமாகக் கலர் சிமெண்டு பாலை ஒவ்வொரு அறையாக ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார். 'சுற்றுலாவால் உள்ளூரில் வேலையும் வருமானமும் கூடியிருக்கிறது' என்று வாசித்தேன். அச்சைத் தூக்கினார், கலர் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நின்றது, மேலே சிமெண்டும் மணலும் தூவினார், பிறகுதான் வாயைத் திறந்தார். "வேலை கூடியிருக்குங்க. வருமானம் அப்படியேதான் இருக்கு. நீங்க எதைக் கேக்குறீங்க?" ஒரு வாக்கியத்தில் இரண்டு கேள்வி வைக்கக் கூடாது என்று முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது, நானே ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கைடும் பார்த்தார், நிபுணர் குழுவில் மூன்று பேரும் பார்த்தார்கள். பட்டறையில் பிடிபட்டது.

நடுக்கட்டம் தனித் தலைவலி. 'நடுநிலை' என்று போட்டிருந்தேனா, பள்ளத்தூரில் ஒருவர், "நடுநிலைங்கிறது பஞ்சாயத்துக்குப் போறவன் இருக்க வேண்டியது, நான் எதுக்கு இருக்கணும்?" என்று கேட்டுவிட்டார். லிக்கர்ட்டின் முதல் படிவத்திலேயே நடுவில் இருந்தது நடுநிலை அல்ல, 'இன்னும் முடிவுக்கு வரவில்லை' என்கிற பொருளில் ஒரு சொல். இரண்டும் வேறு. 'தெரியாது' என்பது மூன்றாவது வகை, 'எனக்கென்ன வந்தது' என்பது நான்காவது. நான் எல்லாவற்றையும் 3-இல் கொட்டியிருந்தேன். இவற்றையெல்லாம் விட மோசம் 'பரவாயில்லை'. ஹோட்டல் வந்தபின் தெருவில் வண்டிச் சத்தம் எப்படி என்றால் பரவாயில்லை, அதாவது பொறுத்துக்கொள்கிறார். ஹோட்டல்காரர்கள் எப்படி என்றால் பரவாயில்லை, அதாவது நல்லவர்கள்தான். ஒரே மனிதர், ஒரே சொல், ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 4. அந்த 30 படிவத்திலும் அன்றைக்கு எனக்கு எது தோன்றியதோ அதைப் போட்டிருக்கிறேன்.

படம் போட்டுப் பார்ப்போம் என்று ஐந்து முகம் வரைந்த அட்டை ஒன்று செய்தேன், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. ஆச்சியிடமே கொண்டுபோய்க் காட்டினேன். எதைக் கேட்டாலும் சிரிக்கிற முகத்தைத் தொட்டார். ஏன் என்றேன். "இதுதான் லட்சணமா இருக்கு." அட்டை பைக்குள் போய்விட்டது.

கைகொடுத்தது கேள்வியை இரண்டாக உடைத்ததுதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை, போனில் சர்வே செய்கிறவர்கள் வெகுகாலமாகச் செய்வது. முதலில் "இது சரின்னு படுதா, சரியில்லைன்னு படுதா?" அதற்குப் பதில் வந்தபின், "ரொம்பவா, ஓரளவா?" சரி, ரொம்ப என்றால் 5. சரி, ஓரளவு என்றால் 4. இரண்டும் இல்லை, இன்னும் யோசிக்கணும் என்று அவராகச் சொன்னால் மட்டும் 3. தெரியாது என்றால் ஓரமாகத் தனிக் கட்டம், அது கூட்டலில் வராது. பரவாயில்லை என்றால் நான் எதையும் எழுதுவதில்லை, "பரவாயில்லைன்னா நல்லதா, சகிச்சுக்கலாமா?" என்று திரும்பக் கேட்பேன், சிலர் சிரித்துவிட்டுச் சரியான பதிலைச் சொல்வார்கள். நேரம் கூடியது உண்மை, ஒரு படிவத்துக்கு இருபது நிமிடம் ஆன இடத்தில் அரை மணி தாண்டியது. வாக்கியங்களையும் 22-இலிருந்து 17 ஆகக் குறைத்தேன். மறுபடி புதிதாக 30 பேர், ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டியது, அன்றைக்குக் காரைக்குடியில் இறங்கி வெள்ளைப் பணியாரம் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

எந்த அளவுகோலுக்கும் பிடிபடாத ஒன்றும் உண்டு. ஒரு வீட்டில் காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் கேட்கும்போது வீட்டுக்காரருடைய ஆள் தூணில் சாய்ந்து நின்றார். 17-க்கும் 'சரி, ரொம்ப'. முகப்பைத் தாண்டி வெளிவாசல் வரை என்னோடு நடந்து வந்தவர், செருப்பை மாட்டும்போது குனிந்து, "அந்த மூணாவதும் ஒம்பதாவதும் அப்படி இல்லம்மா" என்றார். மாற்றி எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு பக்கத்தில் ஆள் இருந்தால் ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்துவிடுவேன், இன்னொரு நாள் வருவேன்.

பிஎச்டி வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித்தேர்வாளர் இதையெல்லாம் கேட்கவில்லை. 3-க்கும் 4-க்கும் உள்ள தூரமும் 4-க்கும் 5-க்கும் உள்ள தூரமும் ஒன்றா, அப்படித் தெரியாதபோது எப்படிச் சராசரி போட்டாய் என்று கேட்டார். ஸ்டீவன்ஸ் என்கிற உளவியலாளர் 1946-இல் அளவைகளை நான்கு வகையாகப் பிரித்ததிலிருந்து ஓயாத சண்டை இது. வரிசை தெரியும், இடைவெளி தெரியாது என்கிற வகைக்குச் சராசரி கூடாது என்று ஒரு கட்சி, பல வாக்கியங்களைக் கூட்டிய மொத்தத்துக்குப் போடலாம், பெரிய கெடுதல் வராது என்று இன்னொரு கட்சி. ஜெஃப் நார்மன் 2010-இல் இரண்டாவது கட்சிக்கு வாதாடியிருக்கிறார். நான் தனித்தனி வாக்கியத்துக்கு இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) சதவீதமும் மட்டும் கொடுத்து, சராசரியை மொத்த மதிப்பெண்ணுக்கு வைத்திருந்தேன், சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையோடு, வரிசையை மட்டும் பார்க்கும் மான்-விட்னி சோதனையும் போட்டு இரண்டும் ஒரே பக்கம் காட்டுவதைச் சொன்னேன். தலையாட்டினார்.

முதல் 30 படிவத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. கைடுக்கு வருத்தம், அத்தனை அலைச்சல் வீணாகிறதே என்று. அந்தக் கட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது, ஆச்சியின் படிவம் மேலேயே இருக்கும், ஏழாவது வாக்கியத்துக்கு எதிரே 2-ஐ அடித்து 4 என்று எழுதியிருக்கிறேன், ஓரத்தில் 'வர்றாக, படம் புடிக்கிறாக, போறாக' என்று பென்சிலில்.